முட்டிக்கு கடன் வாங்கின கயிறு

ஃபுட்பால் மேட்ச்ல பக்கத்துல யாருமே இருக்க மாட்டாங்க. ஆனாலும் ஓடிட்டிருந்தவர் சட்டுனு திரும்பும்போது முட்டியைப் பிடிச்சுக்கிட்டு விழுவார். பல சமயம் அது ஏசிஎல் கிழிஞ்ச கேஸா இருக்கும். தொடை எலும்பையும் கால் எலும்பையும் முட்டிக்குள்ள கட்டி வச்சிருக்கற லிகமெண்ட் அது.

கிழிஞ்சா தைக்க வேண்டியதுதானேன்னு தோணும். 1895ல லீட்ஸ்ல மேயோ ராப்சன் ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு அப்படித்தான் தச்சார். அவரும் வேலைக்குத் திரும்பினார். ஆனா தச்சது எல்லாருக்கும் நிக்கலை. மூட்டுத் திரவத்துல ஊறிக்கிட்டே இருக்கறதால அங்க ரத்தம் உறைஞ்சு ஒட்டறது கஷ்டம். சரி, வேற கயிறு வேணும். எங்கேருந்து எடுக்கறது? நூறு வருஷத்துக்கும் மேலா சண்டை இதுலதான்.

1917ல ஹே க்ரோவ்ஸ் தொடையோட வெளிப்பக்கப் பட்டையில ஒரு கீற்றை எடுத்து, எலும்புல துளை போட்டு உள்ள இழுத்துக் கட்டினார். இன்னிக்கும் அடிப்படை வேலை அதேதான்.

1963ல கென்னத் ஜோன்ஸ் முட்டிச்சில்லுக்குக் கீழ இருக்கற டெண்டனோட நடுப்பகுதியை எடுத்தார். பின்னாடி வந்தவங்க ரெண்டு முனையிலயும் எலும்புத்துண்டோட எடுத்தாங்க. எலும்போட எலும்பு சீக்கிரம் ஒட்டுமில்லையா, அதனால விளையாட்டு வீரர்களுக்கு ரொம்ப நாள் இதுதான் ராஜா. மண்டி போட்டா வலிக்கும், அதான் விலை.

அடுத்து ஹாம்ஸ்ட்ரிங். ரெண்டு டெண்டனை எடுத்து நாலா மடிக்கறாங்க. தழும்பு சின்னது, முன்முட்டி வலியும் கம்மி. ஆனா கால் எலும்பு முன்னாடி நழுவாம இழுத்துப் பிடிச்சு ஏசிஎல்லுக்கு உதவறதே அந்தத் தசைதான்! காவக்காரன்கிட்டயே கடன் வாங்கற கதை :-) மறுபடி கிழியறதும் இதுல கொஞ்சம் அதிகம்னு ஸ்காண்டிநேவிய நாடுகளோட பதிவேடுகள் காட்டுது.

கடனே வேணாம்னு 1980கள்ல கோர்-டெக்ஸ், டேக்ரான்னு செயற்கைக் கயிறு போட்டுப் பார்த்தாங்க. நைஞ்சு அறுந்துச்சு, முட்டி வீங்குச்சு. இறந்தவங்க தானமா தந்த டெண்டன் வயசானவங்களுக்கு ஓகே. இளம் வீரர்களுக்கு அது அதிகமா அறுந்துபோகுது.

இப்போ தொடை முன்தசையோட டெண்டனுக்கும் மவுசு கூடியிருக்கு. ஆனா எனக்குப் பிடிச்ச திருப்பம் வேற. 2020ல வெளியான ஒரு ஆய்வுல, 25 வயசுக்குள்ள இருந்த 618 பேருக்கு ஹாம்ஸ்ட்ரிங் கயிறு போட்டாங்க. பாதிப் பேருக்கு மட்டும் முட்டிக்கு வெளிப்பக்கம் கூடுதலா ஒரு கட்டு. ரெண்டு வருஷத்துல கயிறு அறுந்தது, கட்டு இல்லாதவங்கள்ல 11%, இருந்தவங்கள்ல 4%. அந்தக் கட்டுக்கு எடுத்தது ஹே க்ரோவ்ஸ் கை வச்ச அதே தொடைப் பட்டையிலேருந்துதான்.