கப்பலில் புகைக்குத் தடை வந்த கதை

நடுக்கடலில் தீப்பிடித்தால் எங்கே ஓடுவது? ஊருக்குள் என்றால் தெருவுக்கு ஓடலாம், தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாம். கப்பலில் இரண்டுக்கும் வழியில்லை. அப்படியிருந்தும் பயணிகள் கப்பல்களில் சிகரெட்டுக்குக் கட்டுப்பாடு வர எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா?

1912-ல் மூழ்கிய டைட்டானிக்கில் புகைப்பதற்கென்றே தனி அறைகள் இருந்தன. முதல் வகுப்பு ஆண்களுக்கான அறை மகாகனி மரச் சுவர்களும் முத்துச்சிப்பி வேலைப்பாடுமாக ஜொலித்தது. புகைப்பது அன்று அந்தஸ்தின் அடையாளம்!

1998-ல் அமெரிக்காவின் கார்னிவல் நிறுவனம் புதுமை ஒன்றைச் செய்தது. 'பாரடைஸ்' என்ற சொகுசுக் கப்பலில் பயணி, ஊழியர் யாருமே புகைக்கக் கூடாது என்றது. மீறினால் 250 டாலர் அபராதம். அடுத்த துறைமுகத்தில் இறக்கியும் விடுவார்கள். ஊர் திரும்பும் செலவு அவர் பொறுப்பு. ஆனால் 2004-ல் இந்தத் தடை கைவிடப்பட்டது. புகைக்காதவர்கள் மதுக்கூடத்திலும் சூதாட்டக் கூடத்திலும் குறைவாகவே செலவழித்தார்களாம்!

அடுத்த திருப்பம் 2006 மார்ச் 23. ஜமைக்காவை நெருங்கிக் கொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் பால்கனி ஒன்றில் அதிகாலை மூன்று மணியளவில் தீப்பிடித்தது. அணைக்காமல் போட்ட சிகரெட் துண்டே காரணமாக இருக்கலாம் என்றது பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை. அறைகளுக்குள் தண்ணீர் தெளிக்கும் கருவிகள் இருந்தன, பால்கனிகளில் இல்லை. அங்கிருந்த தடுப்புகளும் நாற்காலிகளும் பிளாஸ்டிக். தீ மளமளவென்று மேல் தளங்களுக்கு ஏறியது. சுமார் 300 அறைகள் பாதிக்கப்பட்டன. ஒரு பயணி உயிரிழந்தார்.

அதன் பிறகே சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகள் திருத்தப்பட்டு, 2008 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தன. பால்கனியில் எளிதில் தீப்பற்றாத பொருட்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் தீயைக் கண்டறியும் கருவியும் தண்ணீர் தெளிப்பானும் வேண்டும். பிரின்சஸ் நிறுவனம் 2012-லும் ராயல் கரீபியன் 2014-லும் பால்கனியில் புகைப்பதையே தடை செய்தன.

இப்போது இ-சிகரெட். இதில் நெருப்பு இல்லையே என்று சிலர் கேட்கலாம். ஆனால் அதன் லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பற்றக் கூடியது. பெரும்பாலான நிறுவனங்கள் அதையும் சிகரெட் போலவே நடத்துகின்றன; ஒதுக்கப்பட்ட இடத்தில் மட்டுமே அனுமதி.

உடல்நலத்துக்காக வந்த தடை ஆறு ஆண்டுகளில் போய்விட்டது. தீக்குப் பயந்து வந்த தடைதான் நிலைத்தது. அதற்கும் ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்பதுதான் வருத்தம்.