நாய்க்குக் காப்புறுதி: சுவீடனில் தொடங்கிய கதை

செல்லப்பிராணிக் காப்புறுதியின் வரலாறு நாயிலிருந்து தொடங்கவில்லை; குதிரையிலிருந்து தொடங்குகிறது. 1890 இல் சுவீடனில் கிளாஸ் விர்ஜின் என்பவர் குதிரைகளுக்கும் கால்நடைகளுக்கும் காப்புறுதி வழங்க முன்வந்தார். அன்று ஏர் இழுத்ததும் வண்டி இழுத்ததும் குதிரையே. அது இறந்தால் குடியானவனின் பிழைப்பே குலைந்துவிடும். ஆகவே விலங்கு ஒரு சொத்து. காப்புறுதி அச்சொத்தின் இழப்புக்கான ஈடு என்பதே அக்காலத்து எண்ணம்.

1924 இல் அதே நாட்டில் ஒரு நாய் முதன்முதலாகக் காப்புறுதி செய்யப்பட்டது. பிரித்தானியாவில் இவ்வழக்கம் 1947 இல் தோன்றியது. அமெரிக்காவில் 1982 இல், 'லாசி' எனும் புகழ்பெற்ற தொலைக்காட்சி நாயின் பெயரில் பத்திரம் எழுதப்பட்ட பின்னரே அது பரவலாக அறியப்பட்டது.

இதற்கிடையில் காப்புறுதியின் பொருளே மாறிவிட்டது. இறந்த பின் பெறும் ஈடு என்ற நிலை போய், இறக்காமல் காக்கும் செலவு என்றாகியது. ஊடுகதிர்ப் படம், எலும்பு அறுவைச் சிகிச்சை, புற்றுநோய் மருந்து என மனிதருக்குரிய வைத்தியம் யாவும் நாயையும் வந்தடைந்தன. கட்டணமும் கூடவே வந்தது. மனிதருக்கு இலவச வைத்தியம் உள்ள பிரித்தானியாவிலும் நாய்க்கு அரசின் சேவை இல்லை. வறியவர்களின் பிராணிகளுக்கென 1917 இல் மரியா டிக்கின் அம்மையார் லண்டனில் தொடங்கிய தொண்டு நிலையம் இன்றும் இயங்குவது அதனாலேயே. மிருக வைத்தியக் கட்டணங்களின் உயர்வு குறித்து முறைப்பாடுகள் பெருகவே, அந்நாட்டின் போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை 2023 இல் இத்துறையை ஆராயத் தொடங்கியது.

அப்படியாயின் தவணைப்பணம் செலுத்துவது பயன் தருமா? கணக்கு எளிது. நிறுவனம் தன் செலவையும் இலாபத்தையும் கழித்துக்கொண்டே நட்டஈடு வழங்குகிறது. ஆகவே, சராசரியாகப் பார்த்தால் உரிமையாளர் செலுத்துவதே அதிகம். நாய்க்கு வயது ஏற ஏறத் தவணையும் ஏறும். முன்பே இருந்த நோய்க்குப் பொதுவாக ஈடு கிடையாது. மாதந்தோறும் சேமிக்கும் ஒழுங்கும், அவசரத்துக்குக் கையில் பணமும் உடையவருக்கு அது அவசியமன்று.

ஆனால் நோய் சராசரி பார்த்து வருவதில்லை. சுவீடனின் காப்புறுதிப் பதிவுகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று பத்து வயதுக்குள் கருப்பையில் சீழ் கட்டும் நோய்க்கு ஆளாவது தெரியவந்தது. இந்நோய்க்கு உடனடி அறுவைச் சிகிச்சை தேவை. அந்த வேளையில் பணமில்லை என்றால், காப்பாற்றக்கூடிய நாயையும் கருணைக்கொலைக்கு ஒப்புக்கொடுக்க நேரிடும்.

எனவே லண்டனிலோ டொரொன்ரோவிலோ நாய் வளர்க்கும் நம்மவர் கேட்கவேண்டிய கேள்வி இலாபமா நட்டமா என்பதன்று. நாளை ஒரு பெருந்தொகையை ஒரே தடவையில் கட்ட முடியுமா என்பதே. முடியாதெனின், நாய் குட்டியாகவும் நோயற்றும் இருக்கும்போதே, ஆயுள் முழுவதற்குமான பத்திரத்தை நிபந்தனைகள் படித்து வாங்குவது நன்று.