சேவைச் சங்கங்கள்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரம்

ஓர் ஊரில் தொழில் நடத்துவோரும் பணிபுரிவோரும் சந்தா செலுத்திக் கூடி, தமக்குள் நட்பையும் ஊருக்குத் தொண்டையும் வளர்க்கும் தன்னார்வ அமைப்புகள் சேவைச் சங்கங்கள் எனப்படும். ரோட்டரி, அரிமா (லயன்ஸ்), ஜேசீஸ் ஆகியவை தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்டவை. 1997இல் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்திலிருந்து பிரிந்த திருவள்ளூர் மாவட்டத்தில், காக்களூர் சிட்கோ, கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை சிப்காட் எனத் தொழிற்பேட்டைகள் வளர்ந்த ஊர்களையொட்டி இச்சங்கங்களும் வேரூன்றின.

தோற்றம்

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரில் வழக்கறிஞர் பால் ஹாரிஸ், நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீலி, சுரங்கப் பொறியாளர் கஸ்டவஸ் லோர், தையற்கடை நடத்திய ஹைரம் ஷோரி ஆகிய நால்வரும் லோரின் அலுவலகத்தில் கூடினர். பெருநகரில் தனித்து வாழ்ந்தவர்களுக்கு ஊர்ப்பாசத்தை மீட்டுத் தருவதே நோக்கம். ஒவ்வோர் உறுப்பினரின் அலுவலகத்திலும் முறைவைத்துச் சுழன்று கூடியதால் ரோட்டரி என்ற பெயர் அமைந்தது. தொண்டு பின்னரே வந்தது. சிகாகோ நகர மக்களுக்குப் பொதுக் கழிப்பறை அமைக்க 1907இல் தொடங்கிய முயற்சிதான் இவ்வியக்கத்தின் முதல் ஊர்ப்பணி. தமிழ்நாட்டுச் சங்கங்கள் இன்று அரசுப் பள்ளிகளில் மாணவியருக்குக் கழிப்பறை கட்டித் தருவது அந்த முதற்பணியின் நேர்வழித் தொடர்ச்சி.

இந்தியாவில் கோபால கிருஷ்ண கோகலே புனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவியதும் அதே 1905ஆம் ஆண்டில்தான். கோகலேவுக்குப் பின் அதன் தலைமையை ஏற்றவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். வாழ்நாள் முழுவதையும் தொண்டுக்கு ஒப்படைத்தவர்களின் அமைப்பு அது. தொழிலை விடாமல், வாரத்தில் சில மணி நேரத்தை ஊருக்குத் தருவது ரோட்டரியின் வழி. கடையையும் ஆலையையும் விட்டு வர முடியாதவர்கள் மிகுந்த தொழில் ஊர்களுக்கு இரண்டாவது வழியே பொருந்தி வந்தது.

இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கம் 1919இல் கல்கத்தாவில் உருவாகி, அடுத்த ஆண்டு பட்டயம் பெற்றது. தொடக்கத்தில் அதில் ஐரோப்பிய வணிகர்களே மிகுந்திருந்தனர். கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சன் 1928 முதல் 1931 வரை மேற்கொண்ட நெடும்பயணத்தின் பயனாகப் பம்பாய், சென்னை, கொழும்பு, ரங்கூன் ஆகிய நகரங்களில் 1929இலும், சிங்கப்பூரில் 1930இலும் சங்கங்கள் எழுந்தன. சென்னையில் அப்போது 1832இல் தோன்றிய மெட்ராஸ் கிளப் ஐரோப்பியருக்கு மட்டும் உரியதாக இருந்தது. இந்தியர்கள் சேரக்கூடியதாக 1873இல் காஸ்மாபாலிடன் கிளப் அமைந்திருந்தது. இரு சாராரும் ஒரே மேசையில் அமர்ந்து உணவருந்தும் இடமாக ரோட்டரியும் அமைந்தது அக்காலத்துக்குப் பெரிய மாற்றம். கல்கத்தாவின் நிதிஷ் சந்திர லாஹரி 1962–63இல் உலக ரோட்டரியின் தலைவரானார்; அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்.

அரிமா இயக்கத்தை 1917இல் சிகாகோவில் காப்பீட்டுத் தொழில் செய்த மெல்வின் ஜோன்ஸ் தொடங்கினார். 1925இல் ஒகையோ மாநிலத்தில் நடந்த அதன் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையற்றோருக்குத் துணைநிற்க வேண்டும் என்று அவர் விடுத்த அழைப்பை ஏற்றதிலிருந்து கண்பணியே அரிமாக்களின் அடையாளமாயிற்று. இந்தியாவுக்கு அது 1956இல் பம்பாய் வழியாக வந்தது. தமிழ்நாட்டில் உறுப்பினர்கள் தம் பெயருக்கு முன் ‘அரிமா’ என்று எழுதிக்கொள்வதால், ஊர்ப்புறங்களில் ரோட்டரியைவிட இப்பெயரே மக்களுக்கு நெருக்கமானது.

தொழில் வகைப்பாடு

ரோட்டரியின் பழைய விதிப்படி ஒரு தொழிலுக்கு ஒருவர் மட்டுமே உறுப்பினராகலாம்: ஒரு வழக்கறிஞர், ஒரு பல் மருத்துவர், ஓர் இரும்பு வணிகர். போட்டியாளர்கள் ஒரே சங்கத்தில் மோதக்கூடாது என்பதும், ஊரின் எல்லாத் தொழில்களும் இடம்பெற வேண்டும் என்பதும் இதன் இரு காரணங்கள். விதி பின்னர் தளர்ந்து, ஒரே தொழிலில் பலர் சேர வழி ஏற்பட்டது. எனினும் அதன் சாயல் இன்றும் உண்டு. சிறு ஊர்ச் சங்கத்தின் பட்டியலைப் பார்த்தாலே ஊரின் பொருளாதாரம் தெரியும். திருவள்ளூர் போன்ற பழைய கோயில் நகரத்தில் நகைக்கடை, அரிசி மண்டி, மருத்துவமனை, பள்ளி நடத்துவோர் சங்கத்தின் முதுகெலும்பாகின்றனர். சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில் கொல்கத்தா நெடுஞ்சாலையில் உள்ள கும்மிடிப்பூண்டியில் உருக்காலை, லாரி போக்குவரத்து, தணிக்கை, மனிதவள மேலாண்மை எனப் பட்டியல் வேறு முகம் காட்டும்.

இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆலை மேலாளர் பலர் சென்னையில் குடியிருந்து நாள்தோறும் வந்து போகிறவர்கள்; ஓரிரு ஆண்டில் இடமாற்றமும் வரும். ஒரு சங்கத்தில் தவறிய வருகையை உலகின் எந்தச் சங்கத்தின் கூட்டத்திலும் கலந்துகொண்டு ஈடுசெய்யலாம் என்னும் ரோட்டரி வழக்கம் இவர்களுக்கென்றே செய்ததுபோல் உதவுகிறது. பெண்களைச் சங்கங்கள் நெடுங்காலம் வெளியே நிறுத்தியது பெரும் குறை. அரிமா 1987இலும் ரோட்டரி 1989இலும் அதைத் திருத்திக்கொண்டன. அதற்கு முன்பே, ரோட்டரி உறுப்பினர்களின் மனைவியர் 1924இல் மான்செஸ்டரில் தொடங்கிய இன்னர் வீல் தனியமைப்பாக வளர்ந்திருந்தது.

கூட்டங்களும் விழாக்களும்

கூட்டம் மணியடித்துத் தொடங்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, செயலர் அறிக்கை, பிறந்தநாளும் மணநாளும் காணும் உறுப்பினர்களுக்கு வாழ்த்து, சிறப்பு விருந்தினர் உரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண், அதன்பின் விருந்து. ரோட்டரிக் கூட்டங்களில் ஹெர்பர்ட் டெய்லர் 1932இல் வகுத்த நான்கு கேள்விச் சோதனையும் சொல்லப்படும். கட்சி அரசியலும் சமய வாதமும் மேடைக்கு வரக்கூடாது என்பது பொது விதி. ஜூலையில் பதவியேற்பு விழா. தலைவருக்குப் பட்டயச் சங்கிலி அணிவிக்கப்படும். பல சங்கங்களை மேற்பார்வையிடும் மாவட்ட ஆளுநரின் வருகை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குடும்ப விழா, கோலப்போட்டி, குழந்தைகளுக்கு விளையாட்டு ஆகியவை ஆண்டு முழுதும் தொடரும்.

இவ்விருந்துகள் வீண் செலவு என்ற கருத்து சரியன்று. அரிமா விதிப்படி நிர்வாகக் கணக்கும் தொண்டுக் கணக்கும் தனித்தனி. பொதுமக்களிடம் திரட்டிய பணம் முழுதும் பொதுமக்களுக்கே போய்ச் சேர வேண்டும், விருந்துச் செலவு உறுப்பினர் சந்தாவிலிருந்தே வர வேண்டும். அதைவிட முக்கியமானது, மருத்துவ முகாமுக்கு மருத்துவரும் மண்டபமும் லாரியும் ஒரே தொலைபேசி அழைப்பில் கிடைப்பது இந்த விருந்து மேசைப் பழக்கத்தால்தான்.

பணிகள்

கண் சிகிச்சை முகாம் முதன்மையானது. ஞாயிற்றுக்கிழமையில் அரசுப் பள்ளியிலோ திருமண மண்டபத்திலோ நடக்கும். முந்தைய நாட்களில் ஆட்டோவில் ஒலிபெருக்கி ஊர் ஊராகச் செல்லும். நோட்டீஸ், பந்தல், உணவு ஆகியவை சங்கத்தின் பொறுப்பு; மருத்துவக் குழு மருத்துவமனையுடையது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தபின், புரை முற்றியவர்கள் அன்றே பேருந்தில் அழைத்துச் செல்லப்பட்டு, லென்ஸ் பொருத்தப்பட்டுத் திரும்புவர். நாட்டின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976இல் தொடங்கியது. அதன் நிதியுதவியும் இத்தகைய அறுவைகளுக்குக் கிடைக்கிறது. பழவேற்காடு மீனவர், செங்கற்சூளைத் தொழிலாளர், இருளர் குடியிருப்பினர் போன்று தனியார் மருத்துவமனைப் படியேற முடியாதவர்களுக்கு இது பெருங்கொடை.

அடுத்தது இரத்ததானம். தொழிற்பேட்டையில் இது எளிது: 18 வயது நிறைந்த, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள இளைஞர்கள் ஒரே வளாகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் கேன்டீனிலேயே முகாம் நடத்தலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.

ரோட்டரி 1985இல் அறிவித்த போலியோ ஒழிப்புத் திட்டம் எல்லாவற்றிலும் பெரியது. 1995 முதல் நாடெங்கும் நடந்த சொட்டு மருந்து நாட்களில் சங்கத்தினர் சாவடிகளில் நின்றனர். நாட்டின் கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் ஹவுரா மாவட்டத்தில் பதிவாயிற்று. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய சுகாதார மண்டலம் போலியோ அற்ற பகுதியாகச் சான்று பெற்றது. அரசு ஊழியர்களுக்கு அடுத்தபடியாக இதில் பெருமைக்குரியவர்கள் ரோட்டரியினர்.

2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆலைகளின் இந்நிதியும் சங்கங்களின் ஊர்த் தொடர்பும் சேருமிடத்தில் வகுப்பறை மேசைகள், குடிநீர் சுத்திகரிப்புக் கருவிகள், தையல் இயந்திரங்கள் போன்றவை பள்ளிகளையும் மகளிரையும் சென்றடைகின்றன.

இன்றைய நிலை

கல்லூரிகளில் ரோட்டராக்ட், பள்ளிகளில் இன்டராக்ட், அரிமாவின் சார்பில் லியோ ஆகிய இளைஞர் அமைப்புகளும் உள்ளன. ரோட்டரி, அரிமா சங்கங்களின் ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கி ஜூன் 30 அன்று முடியும். புதிதாகச் சேர விரும்புபவரை ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவர் முன்மொழிய வேண்டும்.