தம்மைத் தாமே நகைக்கும் சொற்கள்

நகைக்குரிய நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்பார் தொல்காப்பியர். இவற்றுள் எள்ளலை, பிறரை எள்ளித் தான் நகுதல், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் என இருவகையாக்குவார் உரையாசிரியர் பேராசிரியர். இவ்வேறுபாட்டைச் சிங்கப்பூர் இளைஞரின் கொச்சை வழக்கில் தெளிவாகக் காணலாம்.

'கியாசு' என்பது ஹொக்கியன் சீனச் சொல். தோற்க அஞ்சுதல் என்பது பொருள். 1990-இல் 'மிஸ்டர் கியாசு' என்னும் படக்கதை நூல் வெளிவந்தது. எதையும் விட்டுவிடலாகாது என்று அலையும் அந்நாயகனிடம் சிங்கப்பூரர் தம்மையே கண்டு நகைத்தனர். 2007-இல் அச்சொல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலும் இடம்பெற்றது.

'சோத்தோங்' என்பது மலாய்ச் சொல். தேக்காச் சந்தையின் மீன்கடைகளில் கிடக்கும் கணவாய்தான் அது. இளைஞர் வழக்கிலோ, ஒன்றும் விளங்காமல் விழிப்பவனைக் குறிக்கும். பாடம் புரியாத மாணவன், "நான் ஒரு சோத்தோங்" என்று தானே முந்திக்கொண்டால் பிறர் ஏளனத்துக்கு அங்கு வேலையில்லை.

சோத்தோங் 2016-இல் அவ்வகராதி ஏறியது. உடன் ஏறியது 'சைனீஸ் ஹெலிகாப்டர்' என்னும் தொடர். சீனவழிக் கல்வி கற்று, ஆங்கிலம் திருந்தப் பேசவியலாத படைவீரரைப் பிறர் இகழ்ந்த பெயர் இது. 'சைனீஸ் எஜுகேட்டட்' என்பதை அவர்கள் ஒலித்த முறையே கேலிக்குரியதாயிற்று. இது முதல்வகை எள்ளல். இதில் புண் உண்டு.

அப்புண்ணைத் தமிழரும் அறிவர். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரினின்று பிறந்ததாகக் கருதப்படும் 'கிளிங்', தொடக்கத்தில் தென்னிந்தியரைச் சுட்டும் பெயராகவே வழங்கியது, நாளடைவில் வசையாயிற்று. இந்தியர் அதனை வெறுத்தமையால், சிங்கப்பூரின் கிளிங் தெரு 1920களின் தொடக்கத்தில் சூலியா தெரு ஆயிற்று.

ஆசிரியப் பெருமக்களுக்கு இவ்வரலாறு கூறுவதென்ன? வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கும் இடம் வேண்டுமெனச் சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005-இல் பரிந்துரைத்தது. பேச்சு உள்ளே வந்தால் கொச்சையும் உடன் வரும். கட்டுரையில் அதனைக் களைவது நம் கடமை. உரையாடலிலோ, சொல்லைமட்டும் பார்த்துக் கடிதல் போதாது. யார், யாரைக் குறித்துச் சொன்னார் என்பதையும் பார்த்தல் வேண்டும். தன்னைச் சோத்தோங் என்று சொல்லும் பிள்ளையோடு சேர்ந்து நாமும் நகைக்கலாம். அதே சொல்லை ஆசிரியர் அவன்மேல் ஒருமுறை வீசினால், பள்ளிக்காலம் முழுதும் அதுவே அவன் பட்டப்பெயராகிவிடும்.