நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு (ஜப்பான்)

ஜப்பானின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு (ஜப்பானிய மொழியில்: கைகோ ஹோக்கென்) என்பது முதுமையினால் பிறர் உதவியின்றி அன்றாட வாழ்க்கையை நடத்த இயலாதவர்களுக்குப் பராமரிப்புச் சேவைகளை வழங்கும் கட்டாயச் சமூகக் காப்பீட்டுத் திட்டம் ஆகும். இதற்கான சட்டம் 1997 டிசம்பரில் நிறைவேற்றப்பட்டு, 2000 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பயனாளிகளில் பெரும்பாலானோர் தம் வீட்டில் இருந்தபடியே சேவைகளைப் பெறுகின்றனர். இத்திட்டம் சேவைகளை மட்டுமே வழங்குகிறது. பெற்றோரைப் பராமரிக்கும் பிள்ளைகளுக்குப் பணம் தருவதில்லை.

பின்னணி

ஜப்பானில் வயதான பெற்றோரைப் பராமரிப்பது மூத்த மகனின் மனைவியின் கடமையாக நெடுங்காலம் கருதப்பட்டது. 1973 இல் 70 வயதைக் கடந்தோருக்கு மருத்துவம் இலவசமாக்கப்பட்டபின், வீட்டில் கவனிக்க ஆளில்லாத முதியோர் மருத்துவத் தேவை இன்றியும் மருத்துவமனைகளில் மாதக்கணக்கில் தங்கினர். நலத்திட்ட உதவி யாருக்கு என்பதை நகராட்சிகளே முடிவு செய்தன. அதனைப் பெறுவது தருமம் வாங்குவது போன்றது எனக் குடும்பங்கள் தயங்கின. கட்டணம் செலுத்தியவர் சேவையை உரிமையாகக் கேட்கலாம் என்னும் நிலையைக் காப்பீடு உருவாக்கியது.

உறுப்பினர்களும் நிதியும்

காப்பீட்டை நகராட்சிகள் நடத்துகின்றன. 65 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் முதல் பிரிவினர். காரணம் எதுவாயினும் இவர்கள் சேவை பெறலாம். 40 முதல் 64 வயது வரையுள்ளோர் இரண்டாம் பிரிவினர். பக்கவாதம், பார்க்கின்சன் நோய் உள்ளிட்ட 16 நோய்களால் பராமரிப்புத் தேவைப்பட்டால் மட்டுமே இவர்களுக்குச் சேவை கிடைக்கும். செலவில் பயனாளியின் பங்கு போக எஞ்சியதில் பாதி வரிப்பணத்திலிருந்தும், மறுபாதி காப்பீட்டுக் கட்டணத்திலிருந்தும் வருகிறது. முதல் பிரிவினரின் கட்டணம் பெரும்பாலும் ஓய்வூதியத்திலிருந்தே பிடிக்கப்படுகிறது.

தேவையை மதிப்பிடுதல்

முதியவரோ அவரது குடும்பத்தினரோ நகராட்சியில் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வீட்டிற்கு வந்து 74 கூறுகளை ஆராய்கிறார். இவ்விவரங்களைக் கொண்டு கணினி முதல் கணிப்பைத் தருகிறது. பின்னர் வல்லுநர் குழு, மருத்துவரின் கருத்தையும் பார்த்து இறுதி முடிவு எடுக்கிறது. பொதுவாக 30 நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். உதவி நிலை 1, 2 எனவும், பராமரிப்பு நிலை 1 முதல் 5 வரை எனவும் மொத்தம் ஏழு நிலைகள் உள்ளன. வருமானமோ, உடன் வாழும் பிள்ளைகள் உள்ளனரா என்பதோ இந்த நிலையைத் தீர்மானிப்பதில்லை.

வீட்டில் கிடைக்கும் சேவைகள்

* குளிக்க, உண்ண, உடுத்த, கழிப்பறை செல்ல உதவும் பணியாளர்
* சமையல், துப்புரவு, துணி துவைத்தல்
* செவிலியர் வருகை
* குளியல் தொட்டியையே வீட்டிற்குக் கொண்டுவந்து குளிப்பாட்டும் சேவை
* பகல்நேரப் பராமரிப்பு மையம், குறுகிய காலத் தங்கல்
* சிறப்புக் கட்டில், சக்கர நாற்காலி ஆகியவற்றின் வாடகை
* கைப்பிடி பொருத்துதல் போன்ற வீட்டு மாற்றங்கள் (2,00,000 யென் வரை)

எந்தச் சேவை எந்த நாளில் என்னும் திட்டத்தைப் பராமரிப்பு மேலாளர் வகுக்கிறார். இவரது பணிக்குப் பயனாளி கட்டணம் செலுத்துவதில்லை.

தனித்து வாழாத முதியவருக்குச் சமையல், துப்புரவு உதவி எளிதில் கிடைப்பதில்லை. உடன் வாழ்பவரால் நோய் போன்ற காரணங்களால் அவற்றைச் செய்ய இயலாது எனக் காட்ட வேண்டும். பிற குடும்பத்தினரின் அறையைத் துடைத்தல், தோட்டத்தில் களையெடுத்தல், வளர்ப்புப் பிராணியைக் கவனித்தல் ஆகியவை காப்பீட்டில் அடங்கா.

வரம்பும் பயனாளியின் பங்கும்

ஒவ்வொரு நிலைக்கும் மாத உச்சவரம்பு உண்டு. பராமரிப்பு நிலை 3 க்கு இது ஏறத்தாழ 2,70,480 யென். நிலை 5 க்கு 3,62,170 யென். பயனாளி 10 விழுக்காடு செலுத்துகிறார். எடுத்துக்காட்டாக, நிலை 3 இல் உள்ள ஒருவர் வரம்பு முழுவதையும் பயன்படுத்தினால் 27,048 யென் செலுத்த வேண்டும். வரம்பைத் தாண்டிய சேவைக்கு முழுச் செலவும் அவருடையதே. வருமானம் மிகுந்தோரின் பங்கு 2015 இல் 20 விழுக்காடாகவும், அவர்களுள் ஒரு பகுதியினருக்கு 2018 இல் 30 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது.

பணம் வழங்குதல் பற்றிய விவாதம்

1995 இல் தொடங்கிய ஜெர்மனியின் காப்பீட்டில், சேவைக்குப் பதிலாகப் பணம் பெற்று அதனைப் பராமரிக்கும் உறவினருக்குக் கொடுக்கலாம். ஜப்பானிலும் இம்முறை வேண்டும் எனச் சிலர் கோரினர். ஹிகுச்சி கெய்க்கோ முதலிய பெண்ணியவாதிகள் இதனை எதிர்த்தனர். சிறு தொகை கிடைத்தால் மருமகள்களும் மகள்களும் மேலும் வீட்டோடு கட்டுண்டு போவர், சேவைகளும் வளரா என்பது அவர்களது வாதம். இறுதியில் பணம் வழங்கும் முறை சட்டத்தில் சேர்க்கப்படவில்லை.

விமர்சனங்கள்

முதல் பிரிவினரின் சராசரி மாதக் கட்டணம் தொடக்கத்தில் 2,911 யென்னாக இருந்தது. 2024–2026 காலத்திற்கு இது 6,225 யென். 2024 ஏப்ரலில் வீட்டு வருகைப் பராமரிப்பின் அடிப்படைக் கட்டண விகிதம் குறைக்கப்பட்டது. ஏற்கெனவே பணியாளர் பற்றாக்குறையில் உள்ள சிறு நிறுவனங்களை இது பாதிக்கும் எனக் கண்டனம் எழுந்தது. இரவு நேரக் கவனிப்பின் பெரும்பகுதி இன்றும் குடும்பத்தினரிடமே உள்ளது. பெற்றோரைப் பராமரிப்பதற்காக ஆண்டுதோறும் சுமார் ஒரு இலட்சம் பேர் வேலையை விடுகின்றனர்.

இவற்றையும் பார்க்க

* சமூகக் காப்பீடு
* முதுமை
* மறதிநோய்