இறப்பில் செருகிய வாழையிலை: யாழ்ப்பாணத்துச் சமய வாழ்வில் வாதமும் நகையும் ஆறுதலும்

1

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில், விரத நாளில் உண்டெழுந்த வாழையிலையை வெளியே வீசாது, மடித்துக் கூரையின் இறப்பிலே செருகி வைக்கும் வழக்கம் ஒன்று முன்னாளில் இருந்ததென்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயராகிய பறங்கியர் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் முதலிய ஆலயங்களை இடித்துச் சைவ அனுஷ்டானங்களைத் தடுத்த காலத்தில், விரதங் காத்தமைக்குச் சாட்சியாக முற்றத்தில் இலை கிடந்தால் தண்டனை வருமென்று அஞ்சிய குடும்பத்தார் அதனைக் கூரைக்குள் ஒளித்தனர் என்பதும், பறங்கியர் போய், அவருக்குப் பின் 1658இல் வந்த ஒல்லாந்தரும் போய், 1795இல் ஆங்கிலேயர் வந்து தடைகள் நீங்கிய பின்னரும், காரணம் மறந்துபோகக் காரியம் மட்டும் ஓர் ஆசாரமாக நிலைத்துவிட்டது என்பதும் அவ்வழக்கத்துக்குச் சொல்லப்படும் விளக்கங்கள். கதையின் கரு அச்சமே. ஆயினும் அதைச் சொல்லும் பாட்டிமார் சிரித்துக்கொண்டே சொல்லுவர்.

அச்சத்தை நகையாக மாற்றிக்கொண்ட அச்சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் வினா. அது, வேற்றுச் சமயத்தார் எவ்வாறு ஒருவரையொருவர் பொறுத்து வாழ்ந்தனர் என்னும் வினாவோடு பிணைந்தது. பல சமயத்தார் ஒரு நிலத்தில் இணங்கி வாழ்வதற்கு அறிஞர் இரண்டு காரணங்களைக் கூறுவது வழக்கம். எல்லாச் சமயங்களும் ஒரே பொருளைச் சுட்டுவன என்னும் சமரச சித்தாந்தம் ஒன்று. சமயத்தைப் பற்றி ஜனங்கள் பெரிதும் கவலைப்படாதிருக்கும் உதாசீனம் மற்றொன்று. யாழ்ப்பாணத்துக்கு இவ்விரண்டும் பொருந்தா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சியந்திரம் கைக்கு எட்டியதும் கண்டன நூல்களையும் மறுப்பு நூல்களையும் மறுப்புக்கு மறுப்புகளையும் மழையெனப் பொழிந்த சமூகத்தைச் சமரச சமூகம் என்றோ, உதாசீன சமூகம் என்றோ சொல்லுதல் எங்ஙனம் கூடும்? யாழ்ப்பாணத்தார் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டமைக்கு மூலம் வேறு. எதிர்வாதியின் நூலையும் மொழியையும் வீட்டையும் நெருங்கி அறிந்திருந்த பரிச்சயமே அது என்றும், அப்பரிச்சயம் மறுக்கப்பட்ட இடங்களில் பொறுமையும் இல்லாதொழிந்தது என்றும் காட்ட முயல்வோம்.

2

இப்பரிச்சயம் முதலில் பலவந்தத்தின் வழியாகவே வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகம் பெறவும், விவாகத்தைப் பதிவு செய்யவும், முதுசத்தைச் சிக்கலின்றிக் கையேற்கவும் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. கோயிற்பற்றுப் பள்ளிக்கூடத்தின் தோம்பு என்னும் பதிவேட்டில் பெயர் ஏறவேண்டியிருந்தது. ஆகவே, தோம்பில் கிறிஸ்தவராகவும் அடுக்களையில் சைவராகவும் வாழும் இரட்டை வாழ்வொன்று தலைமுறைகள் தோறும் நடந்தது. ஆங்கிலேயர் வந்ததும் தோம்புக் கிறிஸ்தவரில் மிகப் பெரும்பாலோர் வெளிப்படையாகவே திருநீறு பூசிக்கொண்டனர்.

இக்காலத்தைக் கபடத்தின் காலம் என்று பழிப்பாரும் உளர். ஆனால் நூறாண்டுக்கு மேல் இரண்டு சமயங்களின் சடங்குகளையும் சொற்களையும் ஒரே வீட்டில் பயின்ற ஜனங்களுக்கு, மற்றவன் சமயம் முற்றிலும் அந்நியமாகத் தோன்றுதல் அரிது என்பதையும் நாம் கருதவேண்டும். இரட்டை வாழ்வுக்கு இணங்காது ஊரைவிட்டே நீங்கியவர் கதை ஒன்றும் இங்கு நினைவுக்கு வரும். பறங்கி அதிகாரியின் உணவுக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பசு அனுப்பவேண்டுமென்ற கட்டளை தம் வீட்டு வாயிலுக்கு வந்தபோது, அதற்கு இசையாமல் இரவோடிரவாகக் கடல் கடந்து, பின்னர்ச் சிதம்பரத்தில் தம் பெயரால் ஒரு திருக்குளம் அகழ்வித்தார் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாழ்ந்த ஞானப்பிரகாச முனிவர் என்பது ஊர்ப் பாரம்பரியம். அதே பெயரைத் தாங்கி, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டின் பின் நல்லூரில் தொண்டாற்றியவர் ஒரு கத்தோலிக்க குருவானவர் என்பதைக் காலம் செய்த மெல்லிய ஹாஸ்யமாகக் கொள்ளலாம். அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

3

பலவந்தத்தால் வந்த பரிச்சயம் கல்வியால் விருத்தியடைந்த காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1816இல் யாழ்ப்பாணத்தில் தொண்டு தொடங்கிய அமெரிக்க மிஷனார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, மாணவரைக் கிறிஸ்தவராக்கும் நோக்கோடு தோன்றியதாயினும், தமிழ் இலக்கணத்தையும் இந்நாட்டுச் சோதிடக் கணிதத்தையும் ஒதுக்கவில்லை. மறுக்கவேண்டின் அறியவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 1829இல் நேர்ந்த சந்திர கிரகணத்தின் வேளையைப் பற்றி மிஷனாரின் கணிதமும் அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கமும் மாறுபட்டபோது, இரு சாராரும் ஒரே வானத்தையே நோக்கி நின்றனர். அன்று கணிதம் மிஷனாரின் பக்கம் வென்றது. ஆயினும் பஞ்சாங்கம் தோற்கவில்லை. இன்றும் யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் அருகருகே விற்கப்படுகின்றன. சிலபோது ஒரே விரதம் அடுத்தடுத்த வீடுகளில் வெவ்வேறு நாளில் வருகின்றது. 'உங்களுக்கு இண்டைக்கோ? எங்களுக்கு நாளைக்கு' என்று வேலிக்கு இப்பாலிருந்து கேட்கும் குரலில் பகையில்லை. சமயங்களுக்கிடையே மட்டுமன்றி ஒரு சமயத்தினுள்ளும் பேதத்தோடு வாழப் பழகிய சமூகத்தின் குரல் அது.

இக்காலத்தின் தலைசிறந்த உதாரணம் நல்லூர் ஆறுமுக நாவலரே (1822–1879). வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரிடம் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்த அவர், சைவ அனுஷ்டானம் சிறிதும் வழுவாமல், பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்று அதன் தமிழ் நடையைச் செப்பஞ் செய்தார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. அதற்கு முன்னரே, 1848இல், நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிவிட்டார். 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' வெளியிட்டார். சைவத்தின் ஆலயம், அபிஷேகம், தூபதீபம், சுத்தி ஆகியவற்றை இகழும் மிஷனாருக்கு, அவற்றை ஒத்த கிரியைகள் அவர்தம் வேதத்தின் பழைய ஏற்பாட்டிலேயே விதிக்கப்பட்டுள்ளன என்று வசனம் வசனமாக எடுத்துக்காட்டி விடையளிப்பது அந்நூல். விவிலியத்தைத் தமிழாக்கத் துணைநின்ற கையே விவிலியத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது. ஆசிரியர் கொடுத்த ஆயுதத்தால் ஆசிரியரின் கூட்டத்தை எதிர்த்தது. இதிலுள்ள நகையை அறியாதவர் கண்டன நூல்களை வெறும் வசை நூல்களாகவே படிப்பர்.

இப்பரிவர்த்தனை ஒருபக்கமானதன்று. வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராயிருந்த ஹொய்சிங்டன் பாதிரியார் சிவஞான போதம், சிவப்பிரகாசம் முதலிய சைவ சாத்திர நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேய ஆய்வுச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. சைவர் ஒருவர் கிறிஸ்தவ வேதத்தைத் தமிழில் செம்மை செய்ய, கிறிஸ்தவர் ஒருவர் சைவ சாத்திரத்தை மேலைநாட்டுக்கு உணர்த்த, இரண்டும் சில ஆண்டுகளின் எல்லைக்குள் இச்சிறு தீபகற்பத்திலேயே நிகழ்ந்தன. இருவரும் தத்தம் சமயமே உண்மை என்று நம்பியவர்கள். அந்நம்பிக்கையைச் சிறிதும் தளர்த்தாமலே மற்றவன் நூலுக்குத் தம் உழைப்பை ஈந்தவர்கள். பேர்சிவலோ, பிற்காலத்தில் தமிழ்ப் பழமொழிகள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவற்றைத் திரட்டி 1874இல் வெளியிட்டார். ஒரு ஜாதியாரை மதம் மாற்ற வந்தவர் அவர்களுடைய பழமொழிகளுக்கு அடிமையாவது, யார் யாரை மாற்றினார் என்று நம்மைக் கேட்கவைக்கும் செய்தி.

4

வாதம் எவ்வளவு கடுமையாயினும் அது குடும்பத்துக்குள் நடந்த வாதம் என்பதை மறக்கலாகாது. செமினரியின் மாணவர்களான சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகத் தேறினர். விசுவநாதபிள்ளை சைவத்தைக் கண்டித்துச் 'சுப்பிரதீபம்' எழுதியவர். பின்னர்ச் சைவத்துக்கே மீண்டவர். கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்த தாமோதரம்பிள்ளையும் சைவரானார். ஆனால் ஏட்டுச் சுவடியிலிருந்து அவர் மீட்டு அச்சிட்ட நூல்களில், பௌத்தராகிய புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியமும் (1881), சைனராகிய தோலாமொழித்தேவர் இயற்றிய சூளாமணியும் (1889) உள. தம் சமயத்தைத் தேர்ந்துகொண்டபின் பிறர் நூலைச் செல்லரிக்க விடுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. தமிழ் என்னும் ஒரு பொது முதுசத்தில் எல்லாச் சமயத்தாருக்கும் பங்குண்டு என்பதை அவர் வாதித்து நிறுவவில்லை, பதிப்பித்து நிறுவினார்.

எதிர்த்திசையில் நடந்தவர் நாம் மேலே குறித்த சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947). மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் வைத்திலிங்கமாகப் பிறந்து, கத்தோலிக்கராகி, 1901இல் குருப்பட்டம் பெற்ற அவர், சைவத்தை மறுத்தும் எழுதினார்; யாழ்ப்பாணச் சரித்திரத்தையும் தமிழ்ச் சொற்பிறப்பையும் ஆராய்ந்தும் எழுதினார். அவருடைய சமயக் கண்டனங்களை ஏற்காத சைவப் புலவரும் அவருடைய மொழியாராய்ச்சியைப் போற்றினர். கரம்பனில் பிறந்த தனிநாயகம் அடிகள் (1913–1980) இம்மரபின் வழித்தோன்றல்; அவர் 1952இல் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கிலச் சஞ்சிகைக்கு எழுதுவோரிடம் எவரும் சமயம் விசாரிக்கவில்லை.

இவர்களோடு ஹன்டி பேரின்பநாயகத்தையும் (1899–1977) சேர்த்தெண்ணவேண்டும். கிறிஸ்தவராகிய அவர் 1924இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் உயிர்நாடியாய் நின்றார். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது அச்சங்கத்தின் அழைப்பின் பேரில். பின்னர்ப் பேரின்பநாயகம் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார். இந்துக் கல்லூரிக்குக் கிறிஸ்தவ அதிபர் என்பதை வேற்றூரார் விந்தையாகக் கேட்கலாம். கொக்குவிலார்க்கு அவர் 'ஹன்டி மாஸ்டர்', அவ்வளவே.

5

இதுகாறும் கூறியவை கற்றோர் உலகின் செய்திகள். நூலால் வரும் பரிச்சயம் வாதத்துக்கு நகையைத் தரலாம். துயருற்ற மனத்துக்கு ஆறுதல் தர அது போதாது. அதனை யாழ்ப்பாணம் தேடிய இடம் வேறு. நல்லூர்த் தேரடியில், கந்தலுடுத்து, வருவோரை ஏசி விரட்டி, தமக்குத்தாமே பேசிக்கொண்டிருந்த செல்லப்பா சுவாமியை (மறைவு 1915) ஊரார் 'விசர்ச் செல்லப்பா' என்றே அழைத்தனர். அவர் அடிக்கடி சொன்னவை நான்கு சிறு வசனங்கள்: ஒரு பொல்லாப்பும் இல்லை, எப்பவோ முடிந்த காரியம், நாம் அறியோம், முழுதும் உண்மை. அவரிடம் 1905இல் ஆட்பட்டு, பின்னர்க் கொழும்புத்துறைக் கொட்டிலில் இருந்து 1964 வரை யாழ்ப்பாணத்தாருக்கு ஆறுதல் மொழிந்த யோகர் சுவாமிகள், சிறுவயதில் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் பயின்றவர். கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியின் களஞ்சியக் காப்பாளராய் உத்தியோகம் பார்த்தவர். சைவர், கிறிஸ்தவர், பௌத்தர், ஐரோப்பியர் என்ற பேதமின்றி வந்தோரையெல்லாம் அவர் ஏற்றார். அதேயளவு பேதமின்றி ஏசவும் செய்தார்.

இந்நான்கு வசனங்களுள் 'நாம் அறியோம்' என்பது நம் விஷயத்துக்கு மிகவும் இயைந்தது. கண்டனகாரர் அனைவரும் 'நாம் அறிவோம்' என்று தொடங்கியவர்கள். தேரடியிலிருந்த பித்தரோ, அறியாமையையே நான்கு வேதவாக்கியங்களுள் ஒன்றாக்கினார். அவர் எச்சமயத்தையும் மறுக்கவில்லை, இணைக்கவுமில்லை. வாதிகள் இருவரும் ஏறியிருந்த திண்ணையைச் சிரித்துக்கொண்டே அசைத்துவிட்டார். ஆகவே நகையும் ஆறுதலும் அவரிடம் ஒரே செயலின் இரு முகங்களாயின.

6

இவ்வாறு கூறியதனால் யாழ்ப்பாணத்தைச் சகிப்பின் திருநாடாகச் சித்திரித்துவிடக் கூடாது. நமது கொள்கை உண்மையாயின், பரிச்சயம் மறுக்கப்பட்ட இடத்தில் பொறுமையும் மறுக்கப்பட்டிருக்க வேண்டும். சரித்திரம் அவ்வாறே காட்டுகின்றது. வேற்றுச் சமயத்தானோடு ஒரே வாங்கில் இருந்து படித்த வேளாளப் பிள்ளை, தன் சமயத்தவனேயாகிய தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருக்க இசையவில்லை. பள்ளிக்கூடங்களில் சமாசனம், சமபோசனம் என்பன பெரும் போராட்டங்களாயின. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்களும் தடுத்தவர்களும் முருகனையே கும்பிட்டவர்கள். சமய பேதத்தைத் தாங்கிய சமூகம் சாதி பேதத்தில் தடுமாறியமைக்குக் காரணம் இதுவே: பாதிரியாரோடு வாதிட ஓர் ஆசனமிருந்தது, தாழ்த்தப்பட்டோருக்கு வாதிடவும் ஆசனம் தரப்படவில்லை. நாவலர் சைவத்துக்காகத் தொடுத்த வாதத்தில் இவர்களுக்கு இடமிருந்ததில்லை என்பதையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும்.

நமது கொள்கையின் எல்லையைக் காட்டும் மற்றொரு நிகழ்ச்சி இன்னும் கொடியது. 1990 அக்டோபர் 30ஆம் நாள், ஆயுதந் தாங்கிய விடுதலைப் புலிகளின் கட்டளையினால், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் சில மணி நேரத்துள் வீடும் பொருளும் விட்டு வெளியேற்றப்பட்டனர். சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் தலைமுறைகளாக நிலவிய அயலுறவு அன்று அவர்களைக் காக்கவில்லை. அது சமயப் பகையன்று, அரசியல் என்று சொல்வோர் உளர், ஒக்கும். ஆனால் பரிச்சயம் அன்பை வளர்க்க வல்லதேயன்றித் துவக்கைத் தடுக்க வல்லதன்று என்பதும், அயலார் வாய் திறவாது நின்றனர் என்பதும் அதனால் மாறிவிடா.

இங்கேதான் 'ஒரு பொல்லாப்பும் இல்லை' என்னும் தேரடி வாக்கியத்தை மறுபடியும் எண்ணவேண்டியிருக்கின்றது. பொல்லாப்பு என்னும் சொல் யாழ்ப்பாணத்துப் பேச்சில் தீங்கையும் குறிக்கும், வீண்வம்பையும் குறிக்கும். கோயில் வாயிலை அடைத்து நின்றவன், வெளியே நிற்பவனைப் பார்த்து 'ஒரு பொல்லாப்பும் இல்லை' என்றால் அது கொடுமை. வீடிழந்து செல்பவனைப் பார்த்து அயலான் சொன்னால் அது கோழைத்தனம். ஊரார் பித்தனென்று ஒதுக்க, மழையிலும் வெயிலிலும் வீதியிலே கிடந்த ஒருவர், வீடும் வளவும் உடையவராய்த் தம்மிடம் கலங்கி வந்தவரைப் பார்த்துச் சொன்னமையால் மட்டுமே அது ஆறுதலாயிற்று. பாட்டிமாரின் சிரிப்புக்கும் இதுவே நியாயம்: இலையை ஒளித்தவர் மரபில் வந்தவர் ஆதலின் அவர் சிரிக்கலாம், ஒளிக்கச் செய்தவர் சிரிக்க உரிமையில்லை.