துப்பாக்கி தூக்காத போர்வீரர்கள்

நம்ம காஞ்சிபுரத்தில் வேலூர் பஸ் ஏறினால் வழியில் ஆற்காடு வரும். பிரியாணிக்குப் பெயர் போன ஊர். அந்த ஊரின் பெயரைத் தன் பெயரிலேயே சுமந்த ஒரு டாக்டர், கொரியப் போர்க்களத்தில் பாராசூட்டில் குதித்தவர். எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே சமீபத்தில்தான் தெரிந்தது நண்பர்களே!

1950 ஜூன் 25 அன்று வட கொரியப் படை தென் கொரியாவுக்குள் புகுந்தது. ஐ.நா. கொடியின் கீழ் 16 நாடுகள் போர்ப்படை அனுப்பின. இந்தியா விடுதலை பெற்று அப்போது மூன்று ஆண்டுகள்கூட முடியவில்லை. எந்த அணியிலும் சேர விரும்பாத நேரு அரசு, சண்டைக்கு ஆள் அனுப்ப மறுத்துவிட்டது. பதிலாக, 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற ராணுவ மருத்துவப் பிரிவை அனுப்பியது. தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 1941ல் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இந்திய வீரர்களில் ஒருவர். கட்டாய ராணுவ சேவை இல்லாத நாடு நம்முடையது. இவர்கள் எல்லாருமே விரும்பிப் படையில் சேர்ந்தவர்கள்.

போன வேகத்திலேயே சோதனை. 1950 டிசம்பரில் சீனப் படை நெருங்க, பியாங்யாங்கைக் காலி செய்ய உத்தரவு. மருத்துவக் கருவிகளை ஏற்ற வண்டி இல்லை. விட்டுவிட்டு வரவும் மனமில்லை. கைவிடப்பட்ட நீராவி எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தாங்களே ரயிலை ஓட்டித் தெற்கே வந்து சேர்ந்தார்கள்!

1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்கப் பாராசூட் படையோடு ரங்கராஜும் அவர் குழுவினரும் குதித்தார்கள். குண்டு மழைக்கு நடுவே அறுவை சிகிச்சை நடந்தது. பிரிவின் இன்னொரு பகுதி டேகு நகரில் பொதுமக்களுக்கும் வைத்தியம் பார்த்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

"ஒரு பக்கத்துக்கு டாக்டர் அனுப்பியதும் போரில் சேர்ந்ததுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1953ல் போர் நின்றபோது, ஊர் திரும்ப மறுத்த கைதிகளின் விவகாரத்தைக் கவனிக்க அமைந்த நடுநிலை ஆணையத்துக்கு இந்தியா தலைமை தாங்குவதை இரு தரப்பும் ஏற்றன. தலைவராகப் போனவர் ஜெனரல் திம்மையா. மருந்துப் பெட்டியோடு போனதால் நம் நடுநிலை கெட்டுவிடவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2020 ஜூலையில் தென் கொரிய அரசு ரங்கராஜை அந்த மாதத்தின் போர் வீரராக அறிவித்துக் கௌரவித்தது. அங்கே நினைவு வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரர்களான நாம்?